சீர் அண்டாவில் ஊற்றிய சூப்

திருத்தணியில் கல்யாணச் சமையல் இருபத்தெட்டு வருஷம் செய்தேன். முதல் பத்து வருஷம் கரண்டி பிடித்தேன், பிறகு மாஸ்டர். பொம்பளை மாஸ்டரா என்று வாயைப் பிளந்தவர்கள் எல்லாம் சாம்பாரை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான். முட்டி தேய்ந்து போனதால் இப்போது நிறுத்திவிட்டு கே.ஜி.கண்டிகையில் வீட்டோடு இருக்கிறேன். கேட்டரிங் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் சிலர் "உங்க அனுபவத்த எழுதுங்கக்கா" என்று கேட்டார்கள். மைசூர்பாகு பதம் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பயந்த கதையை எழுதுகிறேன். கொதிக்கிற எண்ணெய் காலில் கொட்டியிருக்கிறது, சிலிண்டர் தீப்பிடித்திருக்கிறது, அப்போதெல்லாம் இப்படிப் பயந்ததில்லை. ஒரு டம்ளர் சூப்புக்குப் பயந்தேன்.

1. மழைக்கால மெனு

ஐப்பசியில் கல்யாணம் என்றால் என் மெனுவே வேறு. வாசலில் ரோஸ்மில்க் கிடையாது. அடைமழையில் நனைந்து வருகிறவன் கையில் ஐஸ் போட்ட டம்ளரைக் கொடுத்தால் அவன் வாழ்த்தவா செய்வான்? தக்காளி மிளகு சூப் கொடுப்பேன். தக்காளியைப் பூண்டோடு வேகவைத்து அரைத்து வடிகட்டி, கொத்தமல்லி வேர் தட்டிப்போட்டு, கொஞ்சம் புளிக்கரைசல் விட்டுக் கொதிக்க வைத்து, இறக்கும்போது மிளகு சீரகப் பொடி. சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவது சோம்பேறி வேலை. நான் வெந்த பாசிப்பருப்பை அரைத்து விடுவேன். பந்தியில் கொள்ளு ரசம், சேப்பங்கிழங்கு வறுவல், தூதுவளைத் துவையல். சாப்பிட்டு எழுந்தால் சுக்கு காபி. சளி பிடித்து வந்தவர்கள் கல்யாணத்தை மறந்தாலும் அந்த ரசத்தை மறக்க மாட்டார்கள்.

என் சூப் நல்ல புளிப்பாக இருக்கும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2. சகுந்தலாவின் அண்டா

பெண் வீடு அம்மையார்குப்பம். தறி போட்டிருக்கிற குடும்பம். அப்பா, அம்மா சகுந்தலா, ஒரே பெண் ரேவதி. மாப்பிள்ளை நகரிப் பக்கம், பெயர் தினேஷ். தாய் இல்லாத பிள்ளை, அவனை வளர்த்தது அப்பாவின் அக்கா. அந்த அம்மாவை எல்லோரும் நகரி அத்தை என்றார்கள். அவர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். கல்யாணம் மறுநாள் காலை மலைமேல் முருகன் கோயிலில். முதல்நாள் பதினொன்றரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்கு வந்து இறங்குவதாக ஏற்பாடு.

சூப்பை எவர்சில்வர் தவலையில் காய்ச்சி இறக்கி வைத்திருந்தேன். சகுந்தலா சமையல்கட்டுக்கு வந்தார்.

"மாஸ்டரம்மா, சூப்ப நம்ம சீர் அண்டாவுல ஊத்தி வாசல்ல வெச்சிடலாமா?"

சீர்வரிசையில் வைத்திருந்த பித்தளை அண்டாவைச் சொன்னார். இடுப்பு உயரம், புதுசு, வெயில் இல்லாத அன்றைக்கும் பளபளவென்று மின்னியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். உள்ளும் வெளியும் ஒரே மஞ்சள். ஈயம் பூசவில்லை.

சமையல் வேலைக்கு வரும் யாருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது: ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பு வைக்கக்கூடாது. பச்சைக் களிம்பு ஏறி விஷமாகிவிடும். சர்க்கரைப் பொங்கல் வைக்கலாம், பாயசம் வைக்கலாம். ரசம், புளிக்குழம்பு, மோர் கூடாது.

"இதுல புளிப்பு ஆவாதும்மா. ஈயம் பூசல பாருங்க. சக்கரப் பொங்கல் வேணா ஊத்தித் தரேன்" என்றேன்.

"பொங்கல் பந்தியில பூடும். யாரு பாப்பாங்க? அவங்க உள்ள வரச்சொல்லோ கண்ணுல படணும். நிச்சயத்தன்னிக்கு அந்த நகரியம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? 'சீருக்கு எவர்சில்வரா வெக்கப் போறீங்க?'ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டாங்க. கடைக்காரரு கோட்டிங் குடுத்துகீறேன்னு சொன்னாரு. ஒண்ணும் ஆவாது."

கோட்டிங் என்பது வெளியே பளபளப்புக்கு அடிப்பது. எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம்தானே, வந்ததும் ஊற்றித் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். தெரிந்தே தலையாட்டினேன். என் தவறு அங்கே ஆரம்பிக்கிறது, மழையில் இல்லை.

பதினொரு மணிக்கு அண்டாவை வாசலில் வைத்து, சூடு ஆறாமல் இருக்க அடியில் கரி அடுப்பு போட்டோம். மாப்பிள்ளை வீட்டார் வாய் வைக்கும் முன்னால் யாரும் தொடக்கூடாது என்று சகுந்தலா பக்கத்திலேயே காவல் நின்றார்.

3. தரைப்பாலம்

மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர். "வடிஞ்சிகினு கீது, இதோ வந்துடுவோம்" என்று போன் வந்தது. கால் மணிக்கு ஒரு போன், ஒவ்வொன்றிலும் இதோ. அந்த "இதோ"வை நம்பி நான் சூப்பைத் திரும்ப எவர்சில்வருக்கு மாற்றவில்லை. ஒரு மணிக்குப் பெண் வீட்டாருக்குப் பந்தி போட்டேன். நானும் வயிறாரச் சாப்பிட்டேன். அண்டா கரி அடுப்பின் மேல் இருந்தது.

மூன்றரை மணிக்கு மாடியில் இருந்த மணமகள் அறையிலிருந்து ரேவதி சமையல்கட்டு வாசலுக்கு வந்தாள். நலங்கு, மேக்கப் என்று காலையிலிருந்து அவளை யாரும் சாப்பிட விடவில்லை. மூக்கு அடைத்துப்போய்க் குரல் மாறியிருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சூடா எதனா குடேன். குளுரு தாங்கல."

அப்போதுதான் பஸ் மண்டபத்துத் தெருவில் திரும்புகிறது என்று கத்தினார்கள். சகுந்தலா ஆரத்தித் தட்டு எடுக்க ஓடினார். காவல் இல்லாத அந்த ஒரு நிமிஷத்தில் நானே போய் அண்டாவிலிருந்து பெரிய டம்ளர் நிறைய மொண்டு கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். பரிமாறுவதற்கு முன்னால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். இருபத்தெட்டு வருஷத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் வைக்கவில்லை. மூக்கடைப்பில் அவளுக்கு ருசி தெரியவில்லை. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இப்பதான்கா உயிர் வந்துச்சு" என்றாள்.

நான் சூப் ஊற்ற வாசலுக்குப் போனேன். கரண்டியை விட்டு ஒரு கலக்கு கலக்கினேன். சூப் வற்றி இறங்கியிருந்தது. அது முதலில் நின்ற விளிம்பைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். செம்புக் காசை வாயில் போட்ட மாதிரி இருந்தது, நாக்கு சுருண்டது.

என்னோடு பதினைந்து வருஷமாக வேலை செய்கிற நூர்ஜஹான் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "மூடு. ஒருத்தருக்கும் ஊத்தாத. ஆறிடுச்சின்னு சொல்லிட்டு சுக்கு காபி குடு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கவில்லை. அண்டாவைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனோம்.

திரும்பி வருவதற்குள் மாடியில் சத்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மணமகளைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். நகரி அத்தை பூ வைக்கக் கையை நீட்டியிருக்கிறார். ரேவதி அவர் காலடியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

4. நாற்பது நிமிஷம்

இந்த நாற்பது நிமிஷத்தில் நான் என்ன செய்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். சமையல்கட்டில் நின்றேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஜாடியில் ஊற்றி நூர்ஜஹானிடம் மேலே அனுப்பினேன். ஏன் வாந்தி என்று சொல்லி அனுப்பவில்லை. பெண்ணுக்கு உயிருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். சொன்னால் போலீஸ் வரும் என்றும் அதே அளவு பயந்தேன். எது பெரிய பயம் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. வெங்காயம் தேவையே இல்லாதபோது உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

நூர்ஜஹான் இறங்கி வந்தாள். "நாலு வாட்டி எடுத்துட்சி. இப்ப படுத்துகினு கீது. தண்ணி உள்ள தங்குது" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, அவங்க வேற மாதிரி பேசிக்கிறாங்க. பொண்ணு முழுவாம கீதாம்" என்றாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மணமகள் வாந்தி எடுத்தால் கர்ப்பம் என்று பேசாமல் ஊர் வேறு என்ன பேசும்? எனக்கு அது தோன்றவே இல்லை. என் பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹாலுக்குப் போனேன். மேடைக்கு எதிரே இரு வீட்டாரும் நின்றார்கள். ரேவதியை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள், முகம் வெளுத்திருந்தது. அவள் அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். தினேஷ் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நகரி அத்தை சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நான் ஒண்ணும் தப்பா சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு டெஸ்ட்டு எடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி. இல்லன்னா நாங்க வந்த பஸ்ஸுலயே திரும்பிடறோம்."

"சூப்பு குடிச்சேன் அத்த, அதுக்கப்புறம்தான் வாந்தி வந்துச்சு" என்றாள் ரேவதி.

"சூப்பு குட்ச்சா வாந்தி வருமா? நாங்களும் சூப்பு குடிக்கிறவங்கதாம்மா."

"டெஸ்ட்டுக்கு நான் வரமாட்டேன் நைனா" என்று அப்பாவிடம் சொன்னாள். "இன்னிக்குப் போனா வாழ்க்கை பூரா ஒவ்வொண்ணுக்கும் டெஸ்ட்டு கேப்பாங்க."

அவள் அப்பா வாசல் பக்கம் திரும்பினார். அந்த மனுஷன் இந்த அவமானத்தோடு வெளியே போனால் உயிரோடு திரும்புவாரோ என்று பயந்தேன். முன்னால் போய் நின்றேன்.

"நான்தாம்மா குடுத்தேன். ஈயம் பூசாத பித்தளையில நாலு மணி நேரத்துக்கு மேல புளிப்பு நின்னுடுச்சு. களிம்பு ஏறிடுச்சு. அதான் வாந்தி. பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

"தெரிஞ்சா ஊத்துன?" என்றார் அத்தை.

"ஈயம் பூசலன்னு காலையிலயே சொன்னேன்." சகுந்தலாவைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

சகுந்தலா சொன்னார்: "எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

நான் அவரைத் திட்டவில்லை. சற்று முன்னால் வரை நானும் அப்படித்தானே வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அத்தை சிரித்தார்.

"பாவம், பொண்ணு வூட்டுக்காகப் பழிய ஏத்துக்கறியா? சரி. அந்த சூப்பு இன்னும் கீதா? நீ ஒரு டம்ளர் குடி. உனக்கும் வாந்தி வந்தா ஒத்துக்கறேன்."

தெருமுனை டாக்டரைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள். "அவரும் உங்க ஊரு டாக்டருதானே" என்று அத்தை அதையும் தள்ளிவிட்டார்.

நூர்ஜஹான் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் விடுவித்துக்கொண்டு போய், அண்டாவிலிருந்து ரேவதி குடித்த அதே டம்ளரில் மொண்டு வந்து, நடு ஹாலில் நின்று குடித்தேன். இது முட்டாள்தனம். இதைப் படித்துவிட்டு யாரும் இப்படிச் செய்யாதீர்கள். எனக்கு அப்போது வேறு வழி தெரியவில்லை.

5. வராத வாந்தி

ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். சுற்றி நூறு பேர். கடிகாரம் மேடைக்கு மேலே இருந்தது.

பத்து நிமிஷம். லேசாகக் குமட்டியது. நல்லது என்று நினைத்தேன். பதினைந்து நிமிஷம். குமட்டல் அடங்கிவிட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: ரேவதி வெறும் வயிற்றில் குடித்தாள், நான் ஒரு மணிக்குச் சேப்பங்கிழங்கு வறுவலோடு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். முருகா, மலையிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய், எனக்கு வாந்தி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் சமையலைச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் அத்தனை வருஷமும் அவனை வேண்டியிருக்கிறேன். வாயில் விரலை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். நூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தைந்து நிமிஷம். அத்தை எழுந்து புடவையை உதறிக்கொண்டார். "பஸ்ஸ எடுக்கச் சொல்லுப்பா" என்றார். தினேஷும் எழுந்தான்.

அப்போது டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. சகுந்தலா பின்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். வாயோரம் சிவப்பாக சூப் வழிந்திருந்தது. கீழே உருண்டது அவர் குடித்துப் போட்ட டம்ளர்.

"ஒண்ணுக்கு ரெண்டா குட்ச்சிட்டேன்" என்றார் அத்தையிடம். "மாஸ்டரம்மா சாப்ட்டு குட்ச்சாங்க. நான் காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. நீங்க வந்து கை நனைக்காம நான் எப்பிடி சாப்பிடுவேன்? உக்காருங்க. போவாதீங்க."

மூச்சு வாங்கிவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். "இவங்க சொன்னாங்க. புளிப்பு ஆவாதுன்னு சொன்னாங்க. நான்தான் கேக்கல. நீங்க எவர்சில்வரான்னு கேட்டீங்களே, அதுக்குதான் அத வாசல்ல வெச்சேன்."

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தார். முதல் வாந்தி வந்தபோது யாரும் அசையவில்லை. இரண்டாவதுக்கு அவர் சாயப்போனார். ஓடிப்போய் நெற்றியைத் தாங்கிப் பிடித்தது நகரி அத்தைதான். பட்டுப்புடவை பாழாவதையும் பார்க்கவில்லை. "டாக்டரக் கூப்புடுங்கடா, எந்த ஊரு டாக்டரா இருந்தா இன்னா!" என்று அவரே கத்தினார்.

டாக்டர் வந்து தாய்க்கும் மகளுக்கும் டிரிப்ஸ் போட்டார். என்னையும் படுக்கவைத்துப் பார்த்தார். பித்தளைப் பாத்திரம் என்றதும் அவர் எங்கள் எல்லோரையும் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகவில்லை. போலீசுக்கும் யாரும் போகவில்லை, டெஸ்ட் என்ற பேச்சை அத்தையும் திரும்ப எடுக்கவில்லை. அந்த அண்டாச் சூப்பை நானும் நூர்ஜஹானும் சாக்கடையில் கொட்டினோம். கொட்டும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

6. மறுநாள் காலை

மலைக்குக் கிளம்பும் முன்னால் ரேவதி சமையல்கட்டுக்கு வந்தாள். கூரைப்புடவை, கழுத்து நிறையப் பூ. நான் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"நான் வாந்தி எடுத்தவுடனே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கா?"

"ஆங். அதுக்கு முன்னாடியே தெரியும்."

"எவ்ளோ நேரம் கழிச்சி சொன்னீங்க?"

"நாப்பது நிமிசம்."

அவள் கோபப்படவில்லை. "அந்த நாப்பது நிமிசமும் எல்லாரும் என் வயித்தையே பாத்துகினு இருந்தாங்கக்கா" என்றாள். "அவரு என் மொகத்தப் பாத்தாரான்னு நான் பாத்துகினு இருந்தேன். போன வுட்டு ஒரு வாட்டி கூட அவரு தலை நிமிரல."

வெளியே காரில் ஹாரன் அடித்தார்கள். போய் ஏறிக்கொண்டாள். மலைமேல் கல்யாணம் நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

பிள்ளைகளே, பாத்திரத்தைப் பார்த்துப் புளிப்பு வையுங்கள், நாக்கில் வைக்காமல் எதையும் பரிமாறாதீர்கள். இதையெல்லாம் உங்கள் காலேஜிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு. தப்பு நடந்துவிட்டது என்று நாக்குக்குத் தெரிந்த அந்த நொடியிலேயே கத்துங்கள். மானம் போகட்டும், வேலை போகட்டும், கத்துங்கள். நான் உடனே கத்தியிருந்தால் ரேவதி ஒரு டம்ளர் கெட்ட சூப் குடித்த பெண்ணாக மட்டும் மணவறையில் உட்கார்ந்திருப்பாள். தன் புருஷனைப் பற்றி அவளுக்கு அன்றைக்குத் தெரிந்துபோனது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.